மம்மல் நேரத்துக் கண்ணாடி

ஹாஜறாவின் கடைக்கு மூக்குக்கண்ணாடி வாங்கப் போகிறவர்கள் முதலில் ஒரு விசாரணைக்குத் தயாராக வேண்டும். கல்முனை பசாரில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

“எழுத்து மங்குதா? எப்பயிலிருந்து? சீனி வருத்தம் இரிக்கா? இல்லையா? இல்லையெண்டு யார் சொன்ன? டொக்டரா, நீங்களா?”

பதில் சொல்லி முடிப்பதற்குள் வந்தவருக்கு வியர்த்துவிடும். ஆனாலும் அவளிடம்தான் வருவார்கள். அவள் தேய்த்துக் கொடுக்கும் கண்ணாடி மூக்கில் உட்கார்ந்தால் அசையாது, தலை சுற்றாது. கணவர் ஜெமீல் உயிரோடு இருந்த காலத்தில் அவருக்கு உதவியாகப் பழகிய கை அது. அவர் நெஞ்சு வலியில் மவுத்தாகிப் பதினொரு வருடம். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்து நாற்பத்து மூன்றாவது வயதில் கடைத் திறப்பைக் கையில் எடுத்தவள், இன்றுவரை அதை வேறு ஒருவர் கையில் கொடுத்ததில்லை.

யாரையும் நம்பாத அந்தக் குணம் அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல. கடல் பொங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், “கடல் உள்ளுக்குப் போயிட்டு, மீனெல்லாம் தரையில கிடந்து துடிக்கி, வந்து பாருங்க!” என்று ஒழுங்கையெல்லாம் கூவிக்கொண்டு ஓடினார்கள். தங்கை ஆகிலா சிரித்துக்கொண்டே ஓடினாள். “கடல் சும்மா போகுமா? நில்லுகா!” என்று பின்னால் கத்திவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடியவள் ஹாஜறா. அவள் பிழைத்தாள். ஆகிலாவின் ஒற்றைச் செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் ஓர் அலை நிற்கிறதா என்று எட்டிப் பார்ப்பதே அவள் வழக்கமாகிவிட்டது. சந்தேகம்தானே தன்னையும் பிள்ளையையும் காப்பாற்றியது? அதை எப்படிக் கைவிடுவாள்!

அந்தப் பிள்ளை சஹ்லாவுக்குக் கல்யாணமாகி இப்போது ஏழு வருடம். ஊர் முறைப்படி வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கத்தில் ஓர் அறையைக் கட்டிக்கொண்டு ஹாஜறா ஒதுங்கிவிட்டாள். மருமகன் பர்ஹான் பாலமுனையில் இருந்து வந்து மனைவி வீட்டில் குடியேறினான். அந்தப் பக்கத்தில் மாமியார் மருமகன் முன்னால் வருவதில்லை. அவன் முற்றத்துக்கு வந்தால் அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஏதும் சொல்ல வேண்டுமென்றால், “மகள், உன்ட மாப்பிள்ளைக்கிட்டச் சொல்லு...” என்று ஆரம்பிப்பாள். அவன் காதில் விழும். ஆனாலும் சஹ்லா திரும்பவும் சொல்ல வேண்டும். அவன் பதிலும் அதே வழியில்தான் திரும்பி வரும். ஏழு வருடம் ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்த இருவரும் முகத்துக்கு முகம் ஒரு சொல் பேசியதில்லை.

பேசாத இடத்தில்தான் சந்தேகம் பாய் விரித்துப் படுக்கிறது.

பர்ஹானுக்குச் சாய்ந்தமருதில் ஒரு கைத்தொலைபேசி திருத்தும் கடை. காலையில் போவான், இருட்டியதும் வருவான். ஆனால் கடந்த மூன்று மாதமாக ஹாஜறா சிலவற்றைக் கவனித்து வந்தாள். தொலைபேசி திருத்துகிறவனின் கால் நகத்துக்குள் சேறு எப்படி வரும்? கொடியில் காயும் அவன் சாறன்களில் நாயுருவி முள் ஏன் ஒட்டியிருக்கிறது? ஒருநாள் வாழையிலையில் சுற்றி இறைச்சி கொண்டுவந்தான். “கூட்டாளி ஒருத்தர் தந்தாராம், மான் இறைச்சியாம்” என்று சஹ்லா ஒரு கோப்பையில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள்.

“அறுத்தது யாராம்? கேட்டுச் சொல்லு.”

சுவருக்கு அப்பாலிருந்து பர்ஹானின் குரல் சஹ்லாவிடம் சொன்னது: “முறையா அறுத்ததுதான் எண்டு சொல்லு.”

“முறையா எண்டா? யார்ர கை எண்டுதான் கேட்டன்.”

அதற்குப் பதில் வரவில்லை. ஹாஜறா அந்தக் கோப்பையைத் தொடவில்லை. அன்று அவள் பருப்போடு சோறு தின்றுவிட்டுப் படுத்தாள். மான் வேட்டை சட்டப்படி குற்றம் என்பது அவளுக்குத் தெரியும். வனஜீவிகாரர்களிடம் அகப்பட்டவர்களின் கதையும் தெரியும். மருமகன் சிறைக்குப் போனால் மகளின் வாழ்வு என்னாகும்? மூன்று வயதுப் பேரப்பிள்ளை யார் முகத்தைப் பார்த்து வாப்பா என்று கூப்பிடும்?

இந்தக் கேள்விகளைச் சுமந்துகொண்டு அவள் கடையில் இருந்த ஒரு பின்னேரத்தில்தான், ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் படியேறி வந்தார். வெயிலில் கறுத்த மேனி, நெற்றியில் அழிந்துபோன திருநீறு. கையில் ஒரு துணிப் பொட்டலம்.

“தங்கச்சி, என்ர பேர் செல்லத்தம்பி. சாகாமத்தில முல்லைக்காரன் வேலை, வயல் காவலும் மேற்பார்வையும். இந்த ரெண்டுக்குள்ள எது நல்லமெண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுவீங்களா?”

பொட்டலத்தை அவிழ்த்தார். உள்ளே இரண்டு துவக்குக் கண்ணாடிகள். ரைபிளின் மேல் பூட்டுகிற ஸ்கோப். ஒன்று கறுப்பு மை தேய்ந்து, ஆங்காங்கே இரும்பு தெரியும் பழசு. மற்றது பெட்டியிலிருந்து நேற்று எடுத்ததுபோல் மினுங்கும் புதிது.

ஹாஜறா கண்ணாடிகளைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்தாள். பச்சையும் நீலமும் கட்டம் போட்ட சாறன். ஓரத்தில் ஒரு கிழிசல், அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய கறுப்பு நூல். அந்தத் தையல் அவளுடைய தையல்! போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மருமகனுக்கு எடுத்துக் கொடுத்த சாறன். கம்பியில் கிழிந்ததை அவளே தைத்துச் சஹ்லாவிடம் கொடுத்தது.

“எதைப் பார்க்கிறதுக்கு?” என்று கேட்டாள், குரல் மாறாமல்.

“பொய் சொல்லி என்ன? மான்தான். மம்மலுக்குத்தான், பொழுது மங்கிற நேரம், தண்ணிக்கு இறங்கும். அந்த நேரம் கண்ணுக்கு ஒண்டும் பிடிபடுதில்ல. விக்கிறவன் ரெண்டையும் தந்து, ஒண்டை எடுத்துக்கொண்டு மற்றதைத் தா எண்டான்.”

“இஞ்ச வரச் சொல்லி யார் சொன்ன?”

செல்லத்தம்பி தலையைச் சொறிந்தார். “அது ஒரு தம்பி. பேர் சொல்லப்படாதெண்டு சொன்னவன். ‘அந்த மனிசிக்குக் கண்ணாடியெண்டா உயிர், சரியாச் சொல்லுவா. ஆனா கனக்கக் கதைச்சிராதீங்க, பொலிசை விட மோசமாக் கேள்வி கேப்பா’ எண்டான்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “சரியாத்தான் சொல்லியிரிக்கான்.”

இந்த ஊரில் அவளை அப்படி வர்ணிக்கக் கூடியவன் ஒருவன்தான். ஆக, மருமகன் வேட்டைக்காரன்! இந்த மனிதர் வெறும் தூது. துவக்குப் பிடிக்கிற கை பர்ஹானுடையது. மனதுக்குள் அவள் தீர்ப்பை எழுதிவிட்டாள்.

“இப்ப வெயில். இந்த வெளிச்சத்தில எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான். பொழுது பட்டு மஃரிபுக்கு வாங்கு சொல்ல முன்னால கொஞ்ச நேரம் இரிக்கே, அப்ப பார்த்தாத்தான் ஆள் யாரெண்டு தெரியும். இருங்க அண்ணன்.”

செல்லத்தம்பி வாங்குப் பலகையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார். தெருவில் வெளிச்சம் சாம்பலாக மாறியதும் ஹாஜறா கடை விளக்கை அணைத்தாள். வாசலில் நின்று, எதிரே தூரத்தில் இருந்த மருந்துக் கடையின் பெயர்ப் பலகையை முதலில் பழசால் பார்த்தாள். அடியில் இருந்த சின்ன எழுத்துக்கூடத் தெரிந்தது. கதவுப்பூட்டின் துவாரம் தெரிந்தது. பிறகு புதியதால் பார்த்தாள். பலகை பக்கத்தில் வந்து நின்றது, ஆனால் புகைக்குள் நின்றதுபோல் இருந்தது. உள்ளே ஒரு சிவப்பு விளக்கு. அதைப் போட்டதும் குறுக்குக் கோடு ஒளிர்ந்து அவள் கண்ணைக் கூசச் செய்தது, பலகை முழுதாக இருண்டது.

இரண்டையும் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். பழசின் பின் கண்ணாடியில் வெளிச்சம் ஒரு பெரிய மிளகளவு வட்டமாக நின்றது. புதியதில் கடுகளவு. கண்ணுக்குள் போகிற வெளிச்சம் அவ்வளவுதான். உருவத்தை மிகவும் பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடிக்கு முன்வாய் அகலமாக இல்லாவிட்டால் மம்மலில் அது குருடு. பத்து நிமிடத்தில் ஒரு சின்னப்பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கக்கூடிய விஷயம் இது.

ஹாஜறா புதியதை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“இதுதான் நல்லம்.”

“எனக்குப் பழசில தெளிவாத் தெரியிற மாதிரி இரிக்கே தங்கச்சி?”

“பழசுக்குள்ள பூஞ்சணம் பிடிச்சிரிக்கி. ஒரு மழைக்கு முழுசா மூடிரும். இது பதினாறு மடங்கு பெரிசாக் காட்டும். உள்ளுக்கு லைட் வேற. அந்தத் தம்பிக்கிட்டயும் நான் சொன்னதாச் சொல்லுங்க.”

ஜெமீலின் கடையில் அன்றுதான் முதல்முறையாக ஒரு பொய்க் கண்ணாடி கைமாறியது. செல்லத்தம்பி நன்றி சொல்லிப் பொட்டலத்தைக் கட்டினார். “நாளைக்கு மம்மலுக்கே இறங்கிப் பார்க்கிற” என்று சொல்லிப் போனார்.

ஹாஜறாவுக்கு மனம் இலேசாக இருந்தது. கண் தெரியாவிட்டால் மருமகன் குறி தவறுவான். நான்கு முறை தவறினால் அலுத்துப் போவான். மான் பிழைக்கும், மகளின் வாழ்வும் பிழைக்கும். யாரையும் காட்டிக் கொடுக்காமல், ஒரு சொல்லில் காரியத்தை முடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த நிம்மதிக்கு ஆயுள் ஒரு நாள்கூட இல்லை.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குப் புறப்பட்டவள், முற்றத்தில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த சஹ்லாவைப் பார்த்ததும் வாயை அடக்க முடியாமல், “உன்ட மாப்பிள்ளைக்கு இனி மான் படாது” என்றாள்.

சஹ்லாவின் கை அப்படியே நின்றது. “உம்மா... உங்களுக்கு யார் சொன்ன?”

“எனக்குக் கண்ணில்லையா? கடையப் பூட்டிட்டுத் துவக்குத் தூக்கிற ஆளாப் போயிட்டாரு. எல்லாம் தெரிஞ்சுகொண்டு நீயும் என்னை ஏமாத்திற!”

சஹ்லா அழத் தொடங்கினாள். “கடை மூடி மூணு மாசமாகுது உம்மா. பெரிய கடையெல்லாம் வந்து ஆள் வரத்தே இல்லாமப் போயிட்டு. சாகாமத்தில காணிக்காரப் போடியார் ஒருத்தர்ர வயலுக்குக் காவலுக்குப் போறாரு. மாமிக்குத் தெரிஞ்சா கூலிக்காரனுக்கா மகளைக் குடுத்தன் எண்டு நினைப்பா, சொல்லாத எண்டு பிள்ளைர தலையில கை வெச்சுச் சத்தியம் வாங்கினாரு.”

“அதுக்குத் துவக்குத் தூக்கிறதா?”

“அல்லாஹ்மேல ஆணையா அவர் துவக்கைத் தொட்டதே இல்ல. சுடுறது அங்க வேலை செய்யிற செல்லத்தம்பி அண்ணன். இவர் அறுக்கத்தான் போறாரு.”

“என்ன?”

“அறுத்தாத்தானே நம்மட ஆக்கள் வாங்குவாங்க? சுட்ட மானுக்கு உயிர் போக முந்தி பிஸ்மி சொல்லிக் கத்தி வெக்கணும். தூரத்தில இருந்து ஓடி வந்தா மவுத்தாயிரும். அதால...”

“அதால?”

“மான் தண்ணி குடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில, பத்தைப் புதருக்குள்ள படுத்திருப்பாராம். வெடிச் சத்தம் கேட்டதும் பாஞ்சு போய் அறுப்பாராம்.”

ஹாஜறாவின் கையிலிருந்த கடைத் திறப்பு மண்ணில் விழுந்தது.

பத்தைக்குள் படுத்திருக்கும் மருமகன். அந்தப் பத்தையை நோக்கி நீட்டிய துவக்கு. துவக்கின் மேல், மம்மலில் ஒன்றும் தெரியாத கண்ணாடி. அதைத் தேர்ந்து கொடுத்தது இந்தக் கை!

“போனைப் போடு! வெளியே வரச் சொல்லு! போடுகா!”

சஹ்லா போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. “சத்தம் வந்திரும் எண்டு ரெண்டு பேரும் அணைச்சிருவாங்க உம்மா. என்ன உம்மா? ஏன் இப்பிடிப் பதறுறீங்க?”

ஹாஜறா வயல் எங்கே என்று மட்டும் கேட்டாள். குளக்கட்டுக்குக் கீழே, தகரக் கூரை போட்ட காவல் வாடி, பக்கத்தில் பெரிய மருதமரம் என்றாள் சஹ்லா. ஹாஜறா சந்தியில் நின்ற முபீனின் ஓட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

முபீன் பசாரில் இருபது வருடமாக ஓட்டோ ஓட்டுகிறவர். வாய் நிற்காத மனிதர். “சாகாமத்துக்கா ராத்தா? இந்த நேரத்தில அங்க யானைக்குக் கண்ணாடி போடப் போறீங்களா?”

“கதைக்காம ஓட்டுங்க காக்கா. மஃரிபுக்கு முந்திப் போகணும்.”

ஓட்டோக் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்த முபீன் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என்று ஊர்கள் பின்னால் ஓடின. பாலமுனையைத் தாண்டும்போது மருமகன் பிறந்த வீடு இருக்கும் ஒழுங்கை தெரிந்தது. அந்தத் தாய்க்கு என்ன சொல்வது? உன் மகனை நான் ஒரு பொய்யால் கொன்றேன் என்றா? அக்கரைப்பற்றில் காவல் நிலையம் வந்தபோது, நிறுத்தச் சொல்லலாமா என்று ஒருகணம் நினைத்தாள். நிறுத்தினால் மருமகன் உயிரோடு சிறைக்குப் போவான். ஆனால் முறைப்பாடு எழுதி முடிப்பதற்குள் பொழுது போய்விடுமே! “ஓட்டுங்க” என்றாள்.

உள்வீதியில் திரும்பியபோது சூரியன் குளத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. வாய்க்கால் பாலத்தோடு வீதி முடிந்தது. ஹாஜறா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரம்பில் ஓடினாள். அபாயாவின் கரை சேற்றில் நனைந்து காலைச் சுற்றியது. இரண்டு முறை விழுந்தாள். இரண்டாவது முறை விழுந்தபோது செருப்பு எங்கோ போனது.

வாடி வெறுமையாக இருந்தது. மருதமரத்தின் அடியில், பக்கவாட்டில் திரும்பி முழங்காலிட்டு இருந்தார் செல்லத்தம்பி. துவக்கு ஒரு கிளையில் தாங்கியிருந்தது. கண்ணாடியின் சிவப்பு வெளிச்சம் அவர் இமையில் ஒரு பொட்டுப்போல் விழுந்திருந்தது. துவக்கு நீண்டிருந்த திசையில் ஒரு பற்றை, அதற்கப்பால் நீர். மானை ஹாஜறா காணவில்லை. மருமகனையும் காணவில்லை. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். செல்லத்தம்பியின் விரல் மெல்ல மடங்குவது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

“மகன்!”

ஏழு வருடம் அடைத்துக் கிடந்த குரல் அது. குளக்கட்டில் மோதித் திரும்பி வந்தது.

“மகன், எழும்பாதீங்க! படுத்திருங்க! எழும்பாதீங்க! அண்ணன், துவக்க இறக்குங்க! அந்தக் கண்ணாடி பொய்!”

செல்லத்தம்பி திடுக்கிட்டுத் துவக்கை மேலே தூக்கினார். அதே கணத்தில் இடப்பக்கம், துவக்கு பார்த்த திசையிலிருந்து வெகு தூரத்தில், மூன்று மான்கள் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு காட்டுக்குள் பாய்ந்தன.

பிறகு, துவக்கு குறி வைத்திருந்த அந்தப் பற்றைக்குள் இருந்து, கத்தியும் கையுமாக, மெதுவாக ஒரு தலை எழும்பியது.

செல்லத்தம்பி அதைப் பார்த்தார். துவக்கைத் தரையில் வைத்தார். வைத்த கையை மண்ணில் ஊன்றியபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“நீ அங்கால நாணலுக்குள்ளதானேடா படுப்பாய்?”

“அங்க தண்ணி ஏறிட்டு அண்ணன். அதான் இஞ்சால வந்தன்.”

“கொம்பெண்டு பார்த்தன்டா...” அவர் பற்றையைக் கைகாட்டினார். “அந்தப் பத்தைக் கொப்பை நான் கொம்பெண்டு பார்த்தன்.”

பர்ஹான் சேற்றில் நடந்து வந்தான். ஹாஜறா முக்காட்டை இழுக்கவில்லை. இழுக்க அவளுக்கு நினைவும் வரவில்லை. அவன் கேட்டதும் நேராகத்தான் கேட்டான்.

“கண்ணாடி பொய்யெண்டு சொன்னீங்களே மாமி. நீங்கதானே தெரிஞ்சு குடுத்த? உங்களுக்குத் தெரியாமலா?”

பிழைபட்டுப் போனேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவன் நம்பியிருப்பான். ஹாஜறா தன் வாழ்நாளில் யாருக்கும் கொடுக்காத நம்பிக்கையை அவனுக்குக் கொடுத்து, உள்ளதைச் சொன்னாள்.

“தெரிஞ்சுதான் குடுத்தன்.”

பர்ஹான் அவளைப் பார்த்தபடி இரண்டடி பின்னால் போனான். விளக்கம் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் வரம்பில் ஏறிப் போய்விட்டான். அன்று அவன் கல்முனைக்கு வரவில்லை. பாலமுனையில் தாய் வீட்டுக்குப் போனான். மணமான ஆண் தாய் வீட்டில் போய்த் தங்குவது என்றால் அந்தப் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாம் நாள் அங்கிருந்து சஹ்லாவுக்குச் செய்தி வந்தது: “உன்ட உம்மா என்னைக் கொல்லப் பார்த்தவ. அந்த வளவுக்குள்ள ஒரு வாய் தண்ணி குடிக்கவும் எனக்குப் பயம்.”

சந்தேகம் இடம் மாறிவிட்டது.

அடுத்த நாள் செல்லத்தம்பி கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. “எனக்குப் போன பௌர்ணமிக்குப் பிறந்த பேரன் ஒருத்தன் இரிக்கான் தங்கச்சி. இந்தக் கையால அவனைத் தூக்கப் பயமாயிரிக்கு” என்றார். “சந்தேகமெண்டா பொலிசுக்குச் சொல்லியிருக்கலாம். என்னைப் பிடிச்சு மறியல்ல அடைக்க வெச்சிருக்கலாம். கண்ணைக் கேட்டு வந்தவனுக்கு நீங்க பொய் சொல்லியிருக்கப்படாது.” சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். பொலிசை விட மோசமாகக் கேள்வி கேட்கும் ஹாஜறா தலை நிமிரவில்லை.

வீட்டில் சஹ்லா பேசுவதை நிறுத்தியிருந்தாள். பிள்ளை மட்டும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து தெரு அடங்கியதும், ஹாஜறா பஸ் ஏறிப் பாலமுனைக்குப் போனாள். பெண்ணைப் பெற்றவள், கோபித்துப் போன மருமகனைத் தேடி அவன் தாய் வீட்டு வாசலில் போய் நிற்பது பெரிய குறைச்சல். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண், “எங்க ராத்தா போறீங்க?” என்று கேட்டபோது அவள் மறைக்கவில்லை. “மருமகனைக் கூட்டி வர” என்றாள்.

பர்ஹானின் தாய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். “என்ன, உயிரோட இரிக்கானா எண்டு பார்க்க வந்தீங்களா?”

“ஓம். பார்க்கத்தான் வந்தன்.”

அந்தப் பதிலை எதிர்பாராத தாய் சற்று விலகினாள். உள்ளறைத் திரைக்குப் பின்னால் ஒரு நிழல் அசைந்தது. ஹாஜறா கதிரையில் உட்காராமல், திரையைப் பார்த்துப் பேசினாள்.

“மகன், நான் சஹ்லாக்கிட்டச் சொல்லி அனுப்ப வரல்ல. உங்களுக்கிட்டத்தான் கதைக்க வந்தன். சுடுறது நீங்கதான் எண்டு நினைச்சன். கண் தெரியாட்டி சுடாம விட்டிருவீங்க எண்டு நினைச்சன். நீங்க துவக்குக்கு முன்னால படுத்திருப்பீங்க எண்டு எனக்குத் தெரியா. அல்லாஹ்மேல ஆணை, எனக்குத் தெரியா.”

வெளியே மீன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான்.

“கேட்டிருக்கலாமே மாமி” என்றது குரல், கடைசியில்.

“எப்பிடிக் கேக்க? முறை எண்டு நான் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். நீங்களும் சொல்லியிருக்கலாம். கூலி வேலை செய்றது வெக்கமா? கடை மூடினதை எனக்கு ஏன் மறைச்ச?”

“சொன்னா நீங்க என்னை எப்பிடிப் பார்ப்பீங்க எண்டு பயம்.”

“நான் உங்களப் பார்த்ததே இல்லையே மகன்!”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் கனம் அவளுக்கே விளங்கியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தாய்க்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரை விலகியது. பர்ஹான் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றான்.

“ஒண்டு கேக்கன். மறைக்காமச் சொல்லுங்க. இப்பவும் என்னில சந்தேகம் இரிக்கா?”

“ஓம், இரிக்கி. அது எனக்குப் போகாது. ஆனா இனி உங்களுக்கிட்டயே கேப்பன்.”

“அப்ப கேளுங்க.”

“வேட்டைக்குப் போவீங்களா?”

“காவலுக்குப் போவன். வேற வேலை கிடைக்கும் வரைக்கும் போகத்தான் வேணும். கத்தி எடுத்துப் படுக்கமாட்டன். சத்தியமா இல்ல.”

மெய்யா பொய்யா என்று அறிய ஹாஜறா அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். கூச்சப்படாமல், வாசலில் நிற்கும் வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறான். வலக்கண் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்குகிறது. தலையை இடப்பக்கம் சரிக்கிறான். ஏழு வருடம் அந்த முகத்தைப் பார்த்ததில்லை! ஊரில் உள்ளவர்கள் கண்ணையெல்லாம் அளந்தவளின் வீட்டுக்குள் ஒருவன் இப்படி மங்கிய கண்ணோடு நடமாடியிருக்கிறான்.

“எப்பயிலிருந்து தூரம் மங்குது?”

பர்ஹான் விழித்தான். “ரெண்டு வருஷமா... ஏன்?”

“ஏன் ஒருத்தருக்கும் சொல்லல்ல? டொக்டர்ட போனீங்களா? தலையிடி இரிக்கா?”

“பாருங்க, தொடங்கிட்டா!” என்றாள் தாய்க்காரி.

“நாளைக்குக் கடைக்கு வாங்க. கண் பார்க்கணும்.”

பர்ஹான் நிலத்தைப் பார்த்தான். அவன் உதட்டோரம் அசைந்தது சிரிப்பா, கசப்பா என்று யாராலும் சொல்ல முடியாது.

“சரியான கண்ணாடிதானே மாமி தருவீங்க?”

ஒரு மனிதனை அப்படிக் கேட்க வைத்துவிட்ட பிறகு, வாயால் சொல்லும் எந்தப் பதிலும் செல்லாது என்பது, எல்லோரையும் சந்தேகித்தே வாழ்ந்த அவளுக்குத் தெரியாதா? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். பஸ் நிறுத்தம் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது, ஏழு வருடமாக முற்றத்தில் கேட்டுப் பழகிய நடை. பத்தடி தள்ளியே வந்தது. பக்கத்தில் வரவில்லை, நிற்கவும் இல்லை.